பைனஸ் பூக்கும் மாசி

“...இத்தன வருஷமா மூக்கு அழுதுச்சா, நான் அழுதேனா, அத மட்டும் சொல்லிரு பாப்பா. வேற ஒன்னும் வேணாம்” என்று மாமா கேட்டபோது அவர் உடம்பில் பச்சைச் சேலை இருந்தது. முகத்தில் பவுடர், நெற்றியில் சாந்து, மூக்கில் ஒட்டவைத்த கல் மூக்குத்தி, கழுத்தில் வாடிப்போன மாலை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கீழே எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம், காமன் கம்பத்தை எரித்த இடத்தில், இன்னும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து மயானத்தில், பைனஸ் மரங்கள் தொடங்குகிற ஓரத்தில், அத்தையைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். மாமா என் அம்மாவின் தம்பி. அத்தை அவருடைய மனைவி. கூத்தில் ரதி வேஷம் கட்டி ஆடி முடித்த கையோடு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல், மனிதர் நேராக மலை ஏறி அத்தையிடம் வந்துவிட்டார். அவர் விழுந்து கிழுந்து வைப்பாரோ என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன்.

நான் பதுளையில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றுபோனது. மருந்துப் பேர்களை எல்லாம் டப்பாவைத் துடைக்கிற சாக்கில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன். ஆனால் எனக்குப் பிடித்த படிப்பு அதுவல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மனிதர்கள் தங்கள் நோவைச் சொல்லுகிற விதம் இருக்கிறதே, அதுதான். தை மழை விட்டு, வெயில் காயத் தொடங்கி, மலைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் போதும், சொல்லிவைத்தாற்போல வந்துவிடுவார்கள். “அக்கா, மூக்குல பைப்பு ஒடஞ்சிருச்சு” என்பார் பஸ் கண்டக்டர் ஒருவர். “தொண்டைக்குள்ள கம்பளிப்பூச்சி ஊர்வலம் போவுதுங்க” என்பார் மரக்கறிக் கடைக்காரம்மா. தும்மித் தும்மித் தன் பேரே மறந்துபோனதாக ஒரு டீச்சர் சொல்லுவார். எங்கள் முதலாளி ஹாஜியார் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். “மழைக்குத்தான் குடை இருக்கு, பூவுக்கு எங்க புள்ள குடை இருக்கு?” என்று கேட்பார். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் பச்சைச் சேலை ஞாபகம் வந்துவிடும். மற்றவர்கள் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் நிற்பதை ஹாஜியார் கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே. லயங்களுக்கு முதுகுப் பக்கம், முந்தி வெறும் புல்மலையாகக் கிடந்த இடத்தில், பைனஸ் என்கிற ஊசியிலை மரத்தை நட்டு வளர்த்திருந்தார்கள். மாசி பிறந்ததும் அந்த மரங்களின் நுனியில் விரல் விரலாகப் பூ வைக்கும். காற்று ஒரு தட்டுத் தட்டினால் மலையே மஞ்சளாகப் புகையும். பிடித்து வைத்த தண்ணீரின் மேல் மஞ்சள் ஏடு படியும். கொடியில் காயும் சட்டையில், தகரக் கூரையில், படுத்திருக்கும் நாயின் முதுகில்கூட மஞ்சள். அதே நாட்களில் மானாப் புல்லும் கதிர் விட்டிருக்கும். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மட்டும் தெரியும். இதை எங்கள் ஆட்கள் நோய் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நினைக்காததற்குக் காரணம் இருந்தது. மாசியில்தான் எங்களுக்குக் காமன் கூத்து. மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றி, வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகிற மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோவான். விடிகிற நேரத்தில் ரதி நடுவில் உட்கார்ந்து அழுவாள். இவ்வளவும் நடக்கிற நாட்களில் ஆகாயத்திலிருந்து மஞ்சள் விழுந்தால், தோட்டத்துச் சனம் வேறென்ன நினைக்கும்? “மேல இருந்து கல்யாணத்துக்கு மஞ்சள் தூவுறாங்க” என்று சொல்லி, அதைத் தொட்டுத் தாலியில் வைத்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை அளவாக வெட்டி விடுகிற அந்த வேலையில் கை முரடாகும், ஆனால் இடுப்பு மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் இளம்பெண் இடுப்பாகவே இருந்தது. அதனால்தான் வாலிபத்திலேயே ரதி வேஷம் அவருக்கு வந்தது. வந்த வேஷம் அவரை விட்டுப் போகவே இல்லை. காரணம் அவருடைய அழுகை. கண் சிவந்து, இமை தடித்து, கன்னத்துப் பவுடரில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு தண்ணீர் ஓடும். அவர் ‘மன்மதா’ என்று கூப்பிட்டால் ‘பன்பதா’ என்றுதான் கேட்கும். அதை யாரும் மூக்கடைப்பு என்று சொல்லவில்லை. துக்கத்தில் நாக்குப் புரளவில்லை என்றார்கள். கல்யாணக் கட்டத்தில் தும்மினால் அபசகுனம் ஆகிவிடுமே என்று அவர் மேலுதட்டைக் கடித்து, தோளைக் குறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்து, “எத்தன வயசானாலும் ரதிக்கு வெக்கம் போகலடி” என்று பெண்கள் மெச்சிக்கொள்வார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற கிழவி ஒருத்தி ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் உட்கார்ந்து, “இவன் அழுதாத்தான் எனக்கு என் மகன் செத்தது ஞாபகம் வருது. இல்லாட்டி வேல வேலன்னு மறந்து போயிருதுப்பா” என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

சேலை கட்டிவிடுவது அத்தைதான். “வாடி என் சக்களத்தி” என்று கூப்பிட்டு, கொசுவத்தை இழுத்துச் செருகுவார். மாமா நெளிவார். “இந்தா புள்ள, மெதுவா, நான் என்ன கொழுந்துச் சாக்கா?” என்பார். அத்தை டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் இலை போட்டு வெந்நீர் காய்ச்சி, கம்பளியால் மூடி, மாமாவை ஆவி பிடிக்க வைப்பார். பனி ஒத்துக்கொள்ளாத உடம்பு என்பதுதான் அத்தையின் கணக்கு. ஒரு தடவை, அழுகைக் கட்டம் முடிந்து மாமா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுற்றி நின்ற பெண்களின் கண்ணெல்லாம் இன்னும் ஈரமாக இருந்தது. அத்தை தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மன்மதனுக்கு இவ்வளவு அழுவுற ஆளு, நான் செத்தா இதுல பாதியாவது அழுதுருய்யா. அது போதும் எனக்கு” என்றார். சனம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தும்மினார். “பாத்தியா, இப்பவே ஒத்திகை பாக்குறாரு” என்று அத்தை மேலும் சொன்னார். அன்றைக்கு அது வெறும் கேலி.

அத்தை போனது ஐப்பசி மழையில். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தலை ஒரு மாதிரியாக இருக்கிறது என்று படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. லயத்து வாசலில் மழைக்குப் படங்குச் சீலை கட்டிப் பிரேதப் பெட்டியை வைத்தார்கள். படங்கின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒப்பாரிகூடச் சரியாகக் கேட்கவில்லை. நான் பதுளையிலிருந்து நனைந்துகொண்டு போய் இறங்கினேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் பெட்டிக்குள் பார்த்தார்கள். அடுத்து நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஊரையே அழவைத்த ரதி சொந்தப் பெண்சாதிக்கு எப்படி அழப் போகிறாரோ என்று ஒரு எதிர்பார்ப்பு. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் அது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி வறண்டு கிடந்தது. குழிக்குள் மண் தள்ளிவிட்டுத் திரும்புகிற வழியில், அத்தையின் அண்ணன், எல்லாருக்கும் முன்னால், “ஊருக்கெல்லாம் அழுது தீத்துட்ட. என் தங்கச்சிக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கலையே மச்சான்” என்று கேட்டார். மழைத் தண்ணீர் மாமாவின் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதையாவது கண்ணீர் என்று யாராவது நினைத்திருக்கலாம். ஒருவரும் நினைக்கவில்லை. ரதியின் கண்ணீர் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் வினை.

அந்தச் சொல் தோட்டத்தில் தங்கிவிட்டது. பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்க ஆள் கூடும்போது சின்னப் பையன்கள்கூடக் காதுபடப் பேசினார்கள். “கூத்து வேற, வீடு வேற மச்சான்” என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரித்ததை நானே கேட்டேன். அந்த மாசியில் மாமா காப்புக் கட்டவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒரு வருஷம் திரும்பாமல் கட்டக்கூடாது. ஆனால் மஞ்சள் தூள் அதைப் பார்க்குமா? அது வழக்கம்போல விழுந்தது. இந்தத் தடவை மூக்கோடு நிற்காமல் நெஞ்சுக்கு இறங்கியது. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் நான் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் சிங்கள டாக்டரம்மா, தமிழ் கொஞ்சம் பழகியவர். “ஐயா, இது ஒவ்வொரு வருஷமும் இந்த மாசம்தானே? மழைக்கு வராதுதானே?” என்று கேட்டார். “ஆமாங்க, மழைக்கு வராதுங்க” என்றார் மாமா. “அப்ப இது பூத்தூள். பைனஸ், புல்லு, எல்லாம் இப்பதான் பூக்குது. உங்க உடம்புக்கு ஒத்துவராது. கண்ணுல தண்ணி, மூக்கு, மூச்சு, எல்லாம் ஒரே வருத்தம், ஒரே நோய். இனி பைனஸ் பக்கம் போக வேணாம், நெஞ்சுக்கு மோசம்” என்று சொல்லி மாத்திரையும், மூச்சோடு இழுக்கிற பம்ப்பும் எழுதித் தந்தார்.

வெளியே வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்ததும் மாமாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். விடுதலை ஆன கைதியின் முகம். “கேட்டியா பாப்பா? மழைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வராதாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அது வருத்தமாம். நான் வேணும்னு அழாம இருக்கல” என்றார். அத்தையின் அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும், மருந்தெழுதிய அந்தத் துண்டுச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட வந்தபோது பேச்சு நின்றது. நடையும் நின்றது. பலாச்சுளை விற்கிறவருடைய தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்படின்னா பாப்பா, கூத்துல நான் அழுததெல்லாம்?” என்றார். எது அவரை விடுவித்ததோ அதுவே இன்னொரு பக்கத்திலிருந்து வந்து அவரைப் பிடித்துவிட்டது. அத்தைக்கு அழாதது அவர் குற்றம் இல்லை என்றால், ரதிக்கு அழுதது அவருடைய அழுகை இல்லை. அழவே தெரியாத ஒரு மனிதன் அத்தனை வருஷம் அத்தையோடு குடும்பம் நடத்தியிருக்கிறானா? அன்றைக்கு பஸ் ஏறும்போது இதைத்தான் அவர் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டே போனார்.

ஒரு வருஷம் காத்திருந்தார். அத்தைக்குத் தலைத்திவசம் கொடுத்து, அடுத்த மாசியில் காப்புக் கட்டினார். வேறு இரண்டு பேர் ரதிக்குத் தயாராக இருந்தும், “இந்த ஒரு தடவ மட்டும் எனக்குக் குடுங்க” என்று கூத்து மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், பம்ப்பை இழுத்தார். அதற்குக் காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். “மூக்கை அடைச்சு வச்சிட்டு ஆடப்போறேன் பாப்பா. அதுக்குப் பிறகும் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா அது என்னுது. அத ஒங்க அத்தைக்குக் குடுத்துருவேன்.” அந்த வருஷம் சேலை கட்டிவிட்டது நான். கொசுவம் செருகும்போது உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. மெதுவா என்று அவர் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

விடிகிற நேரம் கம்பத்துக்கு நெருப்பு வைத்தார்கள். தப்பு மேளச் சத்தம் உச்சிக்கு ஏறி, இறங்கி, ரதிக்கு இடம் விட்டது. மாமா நடுவில் உட்கார்ந்து, “மன்மதா” என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் முழுசாக, சுத்தமாக, அந்த மலை முழுக்கக் கேட்டது. அவருக்கு இவ்வளவு இனிமையான குரல் இருந்ததை அன்றைக்குத்தான் அந்தத் தோட்டம் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் கண் வறண்டு கிடந்தது. மார்பில் அடித்துக்கொண்டார், மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார், கூந்தல் முடியைப் பிய்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. முன்வரிசைக் கிழவி சேலைத் தலைப்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அதை மடியில் போட்டுவிட்டு, “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ரதி அழலையேப்பா” என்றாள். பின்னாலிருந்து ஒருவன், “புருஷன் இன்ஷுரன்ஸ் போட்டுட்டுப் போயிருப்பான்” என்றான். சிரிப்பு ஒரு பக்கமிருந்து கிளம்பி மறு பக்கம் போய்ச் சேர்ந்தது. மாமா நிறுத்தவில்லை. கடைசி அடி வரைக்கும் பாடி முடித்து, எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, மேலே மயானத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அதற்கப்புறம் அவர் வேஷம் கட்டவில்லை. இப்போது மாமா இல்லை. நெஞ்சு வருத்தம் முற்றி, சில வருஷத்துக்கு முன்னால், அவரும் ஒரு மழைக்காலத்தில்தான் போனார். அத்தைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். இப்போது ரதி கட்டுகிற பையன் நன்றாகத்தான் ஆடுகிறான், கண்ணில் தைலம் தடவிக்கொள்கிறான் என்று சொல்கிறார்கள். பதுளையில் இந்த வருஷமும் மழை விட்டுவிட்டது. பாமசிக் கண்ணாடியில் காலையில் மெல்லிசாக ஒரு தூசி படிந்திருக்கிறது. நேற்று ஒரு வயசான மனிதர், கண்ணிரண்டும் வழிய வழிய வந்து நின்று, “அழுவுறேன்னு நெனச்சிராதீங்கம்மா, இது சும்மா தண்ணி” என்றார். மாத்திரையை எடுக்கப் போன என் கை கொஞ்ச நேரம் டப்பாமேலேயே இருந்துவிட்டது. எது சும்மா தண்ணீர், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த மேட்டுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலையோடு நின்று கேட்ட மனிதருக்கு நான் சொல்லியிருப்பேனே.

அன்றைக்கு மயானத்தில் “வாங்க மாமா, இங்க நிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல” என்றுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரி என்பதுபோல. இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையையும் பம்ப்பையும் எடுத்து என் கையில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். தாழ இறங்கியிருந்த ஒரு பைனஸ் கிளையை, பூவும் மஞ்சளுமாக நிறைந்து கிடந்ததை, இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு நேராக இழுத்தார். “இந்தா புள்ள” என்று அத்தையைக் கூப்பிடுகிற குரலில் ஒரு தரம் சொல்லிவிட்டு, பலம் கொண்ட மட்டும் உலுக்கினார். மஞ்சள் புகையாக இறங்கி அவர் தலையையும் தோளையும் மூடியது. மாமா அண்ணாந்து நின்றார். கண்ணை மட்டும் மூடவில்லை.